மனம் நொந்தால் ஆண் மூளை என்ன செய்கிறது, பெண் மூளை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோர் கூட்டங்களில் மனநலம் பற்றிப் பேசப்போனால் கேள்வி நேரத்தில் பெரும்பாலும் மௌனம்தான். கூட்டம் முடிந்து பிளேன் டீ குடிக்கும்போது ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் கேட்பார்கள். "இவருக்கு ஒண்டும் உறைக்காதா?" என்று மனைவி கேட்பார். "இவ ஏன் சின்ன விஷயத்துக்கும் இப்பிடி அழுறா?" என்று கணவர் கேட்பார். இரண்டு கேள்விக்கும் பின்னால் இருக்கும் நோவு ஒன்றுதான். அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து, ஆராய்ச்சி சொல்வதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரே பிரச்சினைக்கு ஆண் மூளையும் பெண் மூளையும் வேறு வேறு விதமாகவா வேலை செய்கின்றன?

அடிப்படை ஏற்பாடு இருவருக்கும் ஒன்றுதான். அதே உறுப்புகள், அதே சுரப்பிகள், அதே இரசாயனங்கள். எந்த வகை அழுத்தத்துக்கு எவ்வளவு சுரக்கிறது, எந்தப் பகுதி கூடுதலாக விழிக்கிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதில்தான் சராசரியாகச் சில வேறுபாடுகள் தெரிகின்றன. அவை உண்மையான வேறுபாடுகள். ஆனால் சிறியவை. உயரத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருக்கிற வித்தியாசம் அளவுக்குக்கூடப் பெரியவை அல்ல. ஆகவே "ஆம்பிளை எண்டால் இப்படித்தான்" என்று ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இவை போதாது. உங்கள் வீட்டில் இருப்பவரைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கமாக மட்டும் உதவும்.

அழுத்தம் வந்தவுடன் மூளைக்குள் நடப்பது என்ன?

காலையில் காலி வீதியில் பஸ்ஸில் நிற்கிறீர்கள். போன் அடிக்கிறது, பாடசாலை இலக்கம். நெஞ்சு திக்கென்கிறது. இன்னும் நீங்கள் "ஹலோ" கூடச் சொல்லவில்லை. அதற்குள் மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று எச்சரித்துவிட்டது. ஹைப்போதலமஸ் அந்த எச்சரிக்கையை இரண்டு வழியாக உடலுக்கு அனுப்புகிறது.

முதல் வழி நரம்பு வழி. சில விநாடிகளில் அட்ரினலின் பாய்ந்து இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வாய் வரளும். இரண்டாவது வழி இரத்த வழி, கொஞ்சம் மெதுவானது. ஹைப்போதலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குச் சொல்ல, அங்கிருந்து கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஓமோன் வருகிறது. அது உச்சத்துக்கு வர இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பணம் கட்டவில்லை என்று சொல்லத்தான் போன் எடுத்தார்கள் என்று தெரிந்த பிறகும் அரை மணி நேரம் உடல் அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியும், நினைவுகளைக் கையாளும் ஹிப்போகாம்பசும் "சரி, போதும்" என்று இந்த ஓட்டத்தை அடக்க வேண்டும். அடங்கினால் நல்லது. மாதக்கணக்கில் அடங்காமல் ஓடினால் நித்திரை கெடும், இரத்த அழுத்தம் ஏறும், எரிச்சல் வரும், ஞாபகம் மங்கும். இதுவரை சொன்னதில் ஆண், பெண் பேதம் ஒன்றுமில்லை.

சரி, வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஜெர்மனியின் ட்ரியர் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை இன்றைக்கும் உலகமெங்கும் பயன்படுகிறது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு அறைக்குள் இருந்து வந்தது.

உங்களை ஓர் அறைக்குள் அழைக்கிறார்கள். மேசைக்கு அப்பால் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். கமரா ஓடுகிறது. உங்களுக்குப் பிடித்த வேலைக்கு நீங்கள்தான் பொருத்தமானவர் என்று 5 நிமிடம் பேச வேண்டும். நீங்கள் சிரித்தாலும் அவர்கள் சிரிப்பதில்லை, தலையாட்டுவதில்லை. பேச்சு நின்றுபோனால் "இன்னும் நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள். அது முடிந்ததும் கணக்கு. 1022இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 1009, 996, 983... ஒரு இடத்தில் பிழைத்தால் "பிழை, 1022இலிருந்து திரும்பத் தொடங்குங்கள்." இடையிடையே எச்சில் மாதிரி எடுத்துக் கோர்ட்டிசோலை அளக்கிறார்கள்.

இந்தச் சோதனையில் ஆண்களின் எச்சிலில் கோர்ட்டிசோல் சராசரியாகக் கூடுதலாக ஏறுகிறது. ஆனால் "எவ்வளவு பதற்றமாக இருந்தது?" என்று கேட்டால் கூடுதலாகச் சொல்பவர்கள் பெண்கள். அதாவது உடல் சொல்வதும் வாய் சொல்வதும் இரு பாலாரிலும் பொருந்தி வருவதில்லை. "ஒண்டுமில்லை" என்று சொல்லும் ஆணின் இரத்தத்தில் நிறையவே ஓடிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய செய்திகளில் முதலாவதாக நான் இதைத்தான் சொல்வேன்.

அப்படியென்றால் ஆண்களுக்குத்தான் அழுத்தம் கூடத் தாக்குகிறதா?

அதுவும் சோதனையைப் பொறுத்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லோரா ஸ்ட்ரவுட், பீட்டர் சலோவே, எலிசா எப்பல் ஆகிய மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். அவர்கள் ஒரு பகுதியினருக்குக் கணக்கும் மனப்பாடமும் கொடுத்துத் திறமையைச் சோதித்தார்கள். மற்றப் பகுதியினரை வேறு இருவரோடு கதைக்க விட்டார்கள். அந்த இருவரும் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆட்கள். தங்களுக்குள் சிரித்துக் கதைத்தபடி மெல்ல மெல்ல மூன்றாமவரை ஒதுக்கிவிடுவார்கள்.

கணக்கில் ஆண்களின் கோர்ட்டிசோல் ஏறியது. ஒதுக்கப்பட்டபோது பெண்களுடையது ஏறியது.

சிறிய ஆய்வுதான், அதை வைத்து உலகத்தை அளக்க முடியாது. ஆனாலும் நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வியாபாரம் படுத்தால் ஊண் உறக்கம் இல்லாமல் போகும். அவருடைய மனைவிக்கு அதைவிட, மச்சாள் வீட்டு விசேஷத்துக்குத் தன்னை மட்டும் ஒழுங்காகக் கூப்பிடாதது வாரக்கணக்கில் நெஞ்சில் கிடக்கும். அவருக்கு இது சில்லறை விஷயம். அவவுக்குக் கடைக் கணக்கு "எப்படியும் சரிவரும்." இருவரும் மற்றவரின் நோவை அளக்கத் தம்முடைய அளவுகோலையே எடுக்கிறார்கள்.

இது பிறப்பிலேயே வந்ததா, "நீ உழைக்க வேண்டியவன்", "நீ நாலு பேரை அனுசரிச்சுப் போக வேண்டியவள்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததால் வந்ததா? இரண்டும் கலந்தது என்பதே என் கருத்து. மூளை பழக்கத்தால் மாறும் உறுப்பு. இருபது வருடம் ஒரு பாடத்தைக் கேட்டு வளர்ந்த மூளையில் அந்தப் பாடத்தின் தடம் இருக்கத்தான் செய்யும்.

மூளைப் படங்களில் என்ன தெரிகிறது?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 16 ஆண்களையும் 16 பெண்களையும் ஸ்கேனுக்குள் படுக்க வைத்து, அதே 13 கழிக்கும் கணக்கைக் கொடுத்து அவசரப்படுத்தினார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. ஆண்களில் வலப்பக்க முன்மூளைக்கு இரத்த ஓட்டம் கூடியது, இடப்பக்கத்தில் கண்குழிக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதிக்குக் குறைந்தது. பெண்களில் உணர்ச்சியோடு தொடர்புடைய ஆழமான பகுதிகள், அதாவது இன்சுலா, சிங்குலேட், வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் போன்றவை கூடுதலாக விழித்தன.

இந்த முடிவைப் பார்த்து "ஆண் யோசிக்கிறான், பெண் உணர்கிறாள்" என்று சுருக்கிவிடுகிறார்கள். அது பிழை. அந்த ஆய்வில் ஆண்களின் முன்மூளை மாற்றம் கணக்கு முடிந்த பிறகும் நீடித்தது, கோர்ட்டிசோலோடும் சேர்ந்து ஏறியது. அமைதியாக யோசிக்கிற மூளையின் அடையாளம் அல்ல அது. வெளியே தெரியாமல் காவல் நிற்கிற மூளை என்று சொல்வதுதான் பொருந்தும். 32 பேரை வைத்து மனித குலத்துக்கே பொது விதி எழுதவும் முடியாது.

மூளையைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாமாமே?

ஆண்களின் மூளை சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு அளவு பெரியது. உடலும் பெரியதுதானே. அந்த அளவு வித்தியாசத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் டஃப்னா ஜோயல் குழு 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்து 2015இல் எழுதியது: முழுக்க "ஆண் பக்க" அம்சங்களோ முழுக்க "பெண் பக்க" அம்சங்களோ மட்டும் உள்ள மூளை மிக அரிது, பெரும்பாலானவை இரண்டும் விரவிய கலவை. லீஸ் எலியட் குழுவினர் மூன்று தசாப்த ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. படத்தில் தெரியும் உருவத்தை விட, ஓமோன்களும் அனுபவமும் சேர்ந்து அந்த மூளையை எப்படி இயக்குகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு மனம் நிலைகொள்ளாது என்கிறார்களே, அதற்கு ஆதாரம் உண்டா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்பை நிறுத்துகிற ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹார்வர்டில் ஜில் கோல்ட்ஸ்டைன் குழு 2010இல் வெளியிட்டது. அதே பெண்களை மாதச் சக்கரத்தின் ஆரம்ப நாட்களில் ஒரு தடவையும், ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோன் உயர்ந்திருக்கும் நடுப்பகுதியில் ஒரு தடவையும் ஸ்கேன் செய்து, பயமூட்டும் படங்களைக் காட்டினார்கள். ஆண்களுக்கும் காட்டினார்கள். ஆரம்ப நாட்களில் பெண் மூளையில் அழுத்தத்தைக் கையாளும் பகுதிகளின் வேலை ஆண்களுடையதைப் போலவே இருந்தது, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சக்கரத்தின் நடுவில் பெண்களுடையது ஆண்களை விட அடங்கி இருந்தது. அதாவது ஈஸ்ட்ரஜன் உயர்ந்த நாட்களில் அவர்கள் மூளைக்கு ஒரு கவசம் கிடைக்கிறது, மற்ற நாட்களில் அவர்களும் ஆண்களைப் போலத்தான்!

எச்சில் கோர்ட்டிசோலிலும் இப்படி ஒன்று உண்டு. கருமுட்டை வெளியான பிறகான நாட்களில் பெண்களின் அளவு ஆண்களுடையதை நெருங்குகிறது, அதற்கு முந்திய நாட்களில் குறைவு. கர்ப்பத்தடை மாத்திரை எடுப்பவர்களிலும் குறைவு. மாத்திரை இரத்தத்தில் கோர்ட்டிசோலைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கூட்டுவது அதற்கு ஒரு காரணம்.

மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் சிலருக்கு மனம் கடுமையாகச் சோர்ந்துபோவதும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வு வருவதும், மாதவிடாய் நிற்கும் வயதில் நித்திரையும் மனமும் குழம்புவதும் உண்மை. அவை வைத்தியம் உள்ள நிலைகள். பிள்ளை பெற்ற பெண் இரண்டு கிழமைக்கு மேல் அழுதுகொண்டே இருந்தால் "பச்சை உடம்புக்காரி, சரியாகிடும்" என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்குக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலே போதும், மிச்ச வழியை அவர் காட்டுவார்.

அவர் ஏன் வாயே திறப்பதில்லை?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. வேலை முடிந்து வருகிறார். சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் இருக்கிறார். "என்ன முகம் ஒருமாதிரி இருக்கு?" "ஒண்டுமில்லை." "ஒபிஸ்ல பிரச்சினையா?" "ஒண்டுமில்லை எண்டுறன்." மூன்றாவது கேள்விக்குத் தட்டோடு எழும்பிப் பல்கனிக்குப் போய்விடுகிறார்.

அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன் கோட்மன் என்ற உளவியலாளர் பல வருடங்களாகத் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் கதைக்க விட்டு, இதயத் துடிப்பையும் சேர்த்துப் பதிவு செய்தார். சண்டையில் சுவர் மாதிரி மூடிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அப்படி மூடியிருந்தவர்களின் இதயம் நிமிடத்துக்கு 100க்கு மேல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியில் கல்லு, உள்ளே ஓட்டம். அந்த நிலையில் காதில் விழுவது மனசில் ஏறாது. ஒரு தடவை இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று சாக்குச் சொல்லித் தம்பதிகளை அரை மணி நேரம் சஞ்சிகை வாசிக்கச் சொன்னார்கள். துடிப்பு இறங்கிய பிறகு அதே ஆட்கள் அதே விஷயத்தை வேறு மாதிரிக் கதைத்தார்கள்.

ஆண்கள் குறைவாக உணர்கிறார்கள் என்பதற்கும் ஆதாரம் குறைவு. ஆன் கிரிங், ஆல்பர்ட் கோர்டன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இளம் ஆண்களும் பெண்களும் உணர்ச்சிகரமான படத் துண்டுகளைப் பார்த்தார்கள். உணர்ந்ததாகச் சொன்ன அளவு இரு பாலாருக்கும் ஒன்றே. முகத்தில் காட்டியது பெண்கள் அதிகம். நம் ஊரில் ஐந்து வயதுப் பையன் விழுந்து அழுதால் "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்கிறோம். முப்பது வருடம் கழித்து அவன் மனைவி வந்து "இவர் ஏன் ஒண்டும் சொல்லுறார் இல்லை" என்று கேட்கிறாள்.

இதில் மனைவிக்கு ஒரு வேண்டுகோள், கணவருக்கு ஒரு வேண்டுகோள். மனைவிக்கு: அவர் வந்ததும் வராததுமாகக் கேட்காமல் அரை மணி நேரம் விடுங்கள். கணவருக்கு: பல்கனிக்குப் போவது பரவாயில்லை, "இப்ப ஏலாது, சாப்பிட்டுட்டுக் கதைப்பம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்பியும் வாருங்கள். திரும்பி வராத மௌனம் மற்றவருக்கு ஒதுக்கலாகவே படும். ஒதுக்கல் எப்படிக் குத்தும் என்று மேலே பார்த்தோம்.

அவ ஏன் நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லுறா?

சொல்வதால் பாரம் இறங்குகிறது, அதனால்தான். ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு அது இறக்குவதில்லை, ஏற்றுகிறது. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். நடந்ததையே அசைபோடும் பழக்கம் பெண்களில் சராசரியாகக் கூடுதல், அந்தப் பழக்கம் மனச்சோர்வுக்கு இட்டுச் செல்லும் வழிகளில் ஒன்று என்று காட்டினார். பிள்ளைகளிலும் பதின்ம வயதினரிலும் அமாண்டா ரோஸ் 2007இல் காட்டியது இன்னும் யோசிக்க வைப்பது. பிரச்சினையைத் திரும்பத் திரும்பக் கதைத்த நண்பர்களுக்குள் நெருக்கம் கூடியது, பையன்களிலும் பெண் பிள்ளைகளிலும். ஆனால் மனச்சோர்வும் பதகளிப்பும் கூடியது பெண் பிள்ளைகளுக்கு மட்டும்.

ஆகவே கேட்கிறவர் செய்ய வேண்டியது இது. முதல் தடவை முழுக்கக் கேளுங்கள், குறுக்கே தீர்வு சொல்லாதீர்கள். அதே கதை மூன்றாம் தடவை வந்தால் "சரி, இனி இதுக்கு நாளைக்கு என்ன செய்வம்?" என்று கேளுங்கள். அல்லது எழும்பிக் கடற்கரைப் பக்கம் சேர்ந்து நடந்துவிட்டு வாருங்கள். "விட்டுத் தள்ளு" என்ற ஒற்றை வார்த்தை மட்டும் வேண்டாம்.

பெண்கள் சண்டையும் போடுவதில்லை, ஓடுவதும் இல்லை என்கிறார்களே?

ஆபத்து வந்தால் உடல் "எதிர்த்து நில் அல்லது ஓடு" என்று தயாராகும் என்ற கருத்து அமெரிக்க உடலியலாளர் வோல்டர் கானனுடையது, 1915இல் வந்தது. 2000ஆம் ஆண்டில் உளவியலாளர் ஷெல்லி டெய்லர் குழு ஒரு குறையைச் சுட்டிக்காட்டியது. 1995க்கு முந்திய அழுத்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெண்கள் ஏறத்தாழ 17 வீதம் மட்டுமே. ஆண்களில் கண்டதை மனிதருக்கே பொதுவாக எழுதிவைத்திருந்தோம். பெண்களில் இன்னொரு வழி வலுவாக இருக்கலாம் என்றார்கள்: பிள்ளைகளை அணைத்துக் காப்பது, மற்றவர்களோடு சேர்ந்துகொள்வது. ஒக்சிடோசின் என்ற ஓமோன் அதற்குத் துணை.

2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்த நாட்களில் கொழும்பு மாடிக்குடியிருப்புகளில் பெண்கள் ஒரு வீட்டு அடுப்பில் மூன்று வீட்டுக்குச் சமைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற ஆண்களும் முன்பின் தெரியாதவருக்காக இடம் பிடித்துக் கொடுத்தார்கள், தண்ணீர் பகிர்ந்தார்கள். ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், அழுத்தத்துக்கு உள்ளான ஆண்கள் மற்றவர்களைக் கூடுதலாக நம்பினார்கள், கூடுதலாகப் பகிர்ந்தார்கள். சேர்ந்துகொள்வது பெண்களின் தனிச் சொத்து அல்ல.

அழுவது பலவீனமா?

இல்லை. பருவ வயதுக்கு முன் பையன்களும் பெண் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவுதான் அழுகிறார்கள். பிறகுதான் வித்தியாசம் விரிகிறது. அதில் ஓமோனுக்கும் பங்கு, ஊர் வாய்க்கும் பங்கு.

துணை பக்கத்தில் இருந்தால் உண்மையில் உதவுமா? என்ன மாதிரி உதவி?

இருவருக்கும் ஒரே உதவி பலிப்பதில்லை. ட்ரியர் சோதனைக்கு முன் துணை வந்து ஆறுதல் சொன்னபோது ஆண்களின் கோர்ட்டிசோல் தெளிவாகக் குறைந்தது, பெண்களில் குறையவில்லை, கொஞ்சம் ஏறவே பார்த்தது. 1995இல் வெளிவந்த முடிவு இது. என்ன காரணம் என்று யோசித்தால், ஆறுதல் என்ற பெயரில் அவர் சொன்னது அறிவுரையாக இருந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. 2007இல் சுவிட்சர்லாந்தில் பியாட்டே டிட்சன் குழு பெண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இதற்கு வழி காட்டியது. சோதனைக்கு முன் கணவரோ காதலரோ கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்ட பெண்களின் கோர்ட்டிசோலும் இதயத் துடிப்பும் குறைவாகவே ஏறின. வாய்ப்பேச்சு ஆறுதல் மட்டும் கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

2006இல் ஜேம்ஸ் கோன் குழு மணமான 16 பெண்களை ஸ்கேனுக்குள் வைத்து, சிறிய மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தது. கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அபாய எதிர்வினை தணிந்தது. அந்நியர் கை பிடித்தாலும் கொஞ்சம் தணிந்தது. மணவாழ்க்கை நல்லதாக இருந்தவர்களில் தணிவு இன்னும் அதிகம். பத்து வசனம் அறிவுரைக்குப் பதில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடிப்பது மூளைக்குள் வேலை செய்கிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முன்னால் கணவன் மனைவி கை பிடிக்கக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்பது என் ஆசை.

மனக்கவலையில் நெஞ்சு வலிக்குமா?

வலிக்கும். 1990இல் ஜப்பானிய வைத்தியர்கள் விவரித்த ஒரு நிலை இருக்கிறது. பெரும் துக்கத்துக்கோ அதிர்ச்சிக்கோ பின் இதயத்தின் இடக் கீழறை திடீரென்று தளர்ந்து, மாரடைப்பைப் போலவே வலி வரும். பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். சரியான கவனிப்புக் கிடைத்தால் பலருக்குச் சில கிழமைகளில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் இது அதுவா, மாரடைப்பா என்று வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. செத்த வீட்டில் அம்மா நெஞ்சைப் பிடித்தால் சோடா கொடுத்துக்கொண்டு நிற்காமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பெண்களுக்கு மனச்சோர்வு அதிகம், உயிரை விடுபவர்கள் ஆண்கள் அதிகம். இது எப்படி?

மனச்சோர்வும், கொடிய நிகழ்வுக்குப் பின்னான மனவடு நோயும் பெண்களில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எலிகளில் செய்த சில ஆய்வுகளில், அழுத்தத்தைத் தொடக்கிவைக்கும் இரசாயனத்தை ஏற்கும் வாங்கிகள் ஆண் எலியில் அழுத்தத்துக்குப் பின் உள்ளே ஒதுங்கிக்கொண்டன, பெண் எலியில் வெளியிலேயே நின்றன. உடலில் ஒரு காரணம் இருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஆனால் பெண்கள் வீட்டுக்குள்ளும் வெளியிலும் சந்திக்கும் வன்முறை, இரட்டை வேலைப்பளு, பஸ்ஸில் படும் தொல்லை ஆகியவற்றை விட்டுவிட்டு எலியை மட்டும் காட்டுவது நேர்மையல்ல.

ஆண்களிலோ மனச்சோர்வு வேறு முகத்தோடு வருகிறது. கோபம், குடி, வண்டியை வேகமாக ஓட்டுவது, இரவிரவாக வேலை. யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை, அவரும் உதவி கேட்பதில்லை. உலக அளவில் ஆண்களின் தற்கொலை வீதம் பெண்களினதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இலங்கையிலும் பெரும்பான்மையினர் ஆண்களே. தற்கொலை முயற்சி இங்கே 1998 முதல் குற்றமும் அல்ல. பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டு போகாமல் இருக்க வேண்டியதில்லை.

ஒருவர் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னால் அதை நேராகக் கேளுங்கள்: "சாகிற யோசனை வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பதில் ஆம் என்றால் தனியே விடாதீர்கள்.

குண்டுவெடிப்பு, கலவரம் போன்றவற்றைக் கண்டவர்களுக்கும் இதே விளக்கம்தானா?

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் நடந்ததைக் கண்டவர்கள், 1983 ஜூலையில் வீட்டை விட்டு ஓடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சில அப்பாக்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் பட்டாசு வெடித்தால் எழும்பிக் கதவைப் பூட்டுவார்கள். சில அம்மாக்கள் பிள்ளை பத்து நிமிடம் பிந்தினால் பத்துத் தடவை போன் எடுப்பார்கள். இருவரிலும் அமிக்டலா ஓயாமல் காவல் நிற்கிறது. இதை ஆண், பெண் என்று பிரிப்பதை விட மனவடு என்று அறிந்து வைத்தியம் செய்வதுதான் முக்கியம். எத்தனை வருடம் கழிந்தாலும் வைத்தியம் பலிக்கும்.

தமிழில் யாரிடம் கதைக்கலாம்? போன் எடுத்தால் என்ன சொல்வது?

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. 1333 இலவச உளவளத்துணை இலக்கம். ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கும் சுமித்திரயோ 1974 முதல் மனம் நொந்தவர்களுக்குச் செவி கொடுத்து வருகிறது. வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938. எடுத்தவுடன் "தமிழில் கதைக்க வேணும்" என்று சொல்லுங்கள்.

தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலயிலும் உளமருத்துவ கிளினிக் உண்டு, பணம் கட்டத் தேவையில்லை. மனநல வைத்தியசாலை இருக்கும் "அங்கொடை" என்ற ஊர்ப் பெயரையே ஏச்சாக வைத்திருக்கிற பழக்கத்தால் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் வைத்தியம் இல்லாமல் கிடந்தார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் கேலி செய்யாதீர்கள், நாளைக்கு அவர்களே உதவி கேட்கத் தயங்குவார்கள்.

நோயின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. "மூன்று கிழமையா நித்திரை இல்லை, பசியில்லை, வேலைக்குப் போக மனமில்லை" என்று நடப்பதைச் சொன்னால் போதும். வயிற்றெரிவுக்கும் தலையிடிக்கும் குடும்ப வைத்தியரிடம் அடிக்கடி போகும் அப்பா, அண்ணா யாராவது இருந்தால், அடுத்த தடவை கூடப் போங்கள். மருந்துச் சீட்டு எழுதும் நேரத்தில் "டொக்டர், இவர் இப்ப ராவில படுக்கிறதே இல்லை" என்று நீங்கள் சொல்லலாம்.